பிள்ளையாரின் ஒரு கண்

வர்ணம் அடித்த பிள்ளையார் குளத்தைக் கெடுப்பார், வெறும் மண் பிள்ளையார் கரைந்து போவார். இதை நாலு வயதுக் குழந்தைகளுக்குப் புரியவைக்க எங்கள் மழலையர் பள்ளி ஒரு வழி கண்டுபிடித்தது. பள்ளியைச் சுற்றி வலியசாலைத் தெருக்களில் இருக்கும் வயதானவர்களை அழைத்துவந்து, குழந்தைகளோடு சேர்ந்து களிமண்ணில் பிள்ளையார் செய்ய வைப்பது. நானும் தலையாட்டினேன். போட்டோ நன்றாக வரும் என்று நினைத்தேன், மறைப்பானேன்.

வந்தவர்களில் வாலாம்பாள் மாமிதான் கெட்டிக்காரி. கணவர் நாகேஸ்வரனையும் கையோடு கூட்டி வந்திருந்தார். அவருக்கு ஞாபகம் போய்விட்டது, வீட்டில் தனியே விட முடியாது. என் வகுப்புக் குழந்தை பிரணவ் பக்கத்தில் அவரை உட்காரவைத்தோம். இரண்டு பேரும் மண்ணை அளைந்துகொண்டு சந்தோஷமாக இருந்தார்கள்.

கண் வைக்கும் நேரம் வந்தது. பிளாஸ்டிக் மணி கூடாது என்று சட்டம் போட்டவள் நான்தான். மாமி சின்னச் சம்படத்தைத் திறந்து, வீட்டு வழக்கப்படி ஆளுக்கு இரண்டு குந்துமணி கொடுத்தார். சிவப்பும் கறுப்புமாகக் கண்கள் விழித்ததும் குழந்தைகள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், அசடு.

கைகழுவத் தண்ணீர் கொண்டுவந்த ஆயா பொன்னம்மை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"டீச்சரே, இது குன்னிக்குருவல்லோ. பிள்ளைங்க ஆராவது வாயில இட்டாச்சா? விஷமாக்கும்."

குந்துமணியைத்தான் சொன்னாள். வேலியோரம் கிடந்தால் அது விஷம் என்று எனக்கும் தெரியும், மாமிக்கும் தெரியும். பிள்ளையார் முகத்தில் பதித்ததும் அது கண்ணாகிவிட்டது. கண்ணைப் பார்த்து யார் பயப்படுவார்கள்?

ஒவ்வொரு பிள்ளையாராகப் பார்த்தேன். பிரணவின் பிள்ளையாருக்கு ஒரு கண்தான் இருந்தது.

தரை, பாய், மண் வாளி எல்லாம் தேடினோம். கிடைக்கவில்லை. பிரணவின் வாயைத் திறந்து விரலை விட்டுத் துழாவினேன். அவன் வீறிட்டு அழுதான். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். முழுதாக விழுங்கியிருந்தால் தப்பலாம், கடித்திருந்தால் ஆபத்து என்றார் டாக்டர். இப்போது வெளியே ஒன்றும் தெரியாது, சிரித்துக்கொண்டிருந்தாலும் நம்பாமல் உடனே கொண்டுவாருங்கள் என்றார். பொன்னம்மை ஆட்டோ பிடிக்க ஓடினாள்.

காலையில் அவன் அம்மா சட்டைக் காலரைச் சரிசெய்து என்னிடம் விட்டுவிட்டுப் போயிருந்தாள். அவளுக்கு எப்படிப் போன் செய்வது?

"கண்ணா, டீச்சர் திட்டமாட்டேன். கடிச்சியா? அப்படியே முழுங்கிட்டியா?"

அவன் விக்கி விக்கி அழுதான். தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். மாமி பின்னாலேயே வந்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "நான்தானே கொடுத்தேன், நான்தானே கொடுத்தேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் பொங்கியது. ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆட்டோவில் ஏறும்போது பிரணவ் என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சொன்னான்.

"நான் திங்கலே டீச்சரே. தாத்தாக்குக் கொடுத்தேன். மருந்து."

"எந்தத் தாத்தாக்குடா?"

விரலை உள்ளே நீட்டினான். நாகேஸ்வரன் சுவரில் சாய்ந்தபடி, கையில் காய்ந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார். இத்தனை கூச்சலிலும் அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அப்பாடா" என்றேன். வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

மாமி என்னைப் பார்த்தார். திரும்பி உள்ளே போனார். நானும் குழந்தையை இறக்கிவிட்டு ஓடினேன்.

"முழுங்கியிருப்பார் மாமி. முழுசாப் போனா ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டர் சொன்னார்" என்றேன்.

"அவர் மாத்திரையை முழுங்கமாட்டாரே" என்றார் மாமி. "மென்னுதான் திம்பார்."

நாகேஸ்வரன் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தார். பிறகு வாயை அகலத் திறந்து, நாக்கை நீட்டி, எல்லாம் தின்றாயிற்று என்று காட்டினார்.