நீர்யானை உட்கார்ந்த விதம்

அந்த அனிமேஷன் நிறுவனத்தில் அவளைக் கணக்கம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். படத்தில் வரும் உருவங்களின் கன்னம் தொங்குவதும் தொப்பை ஆடுவதும் அவள் எழுதிய கணினி நிரலின் கணக்கில்தான் நடக்கும்.

அன்று காலை யானையண்ணன் அவள் மேசைக்கு வந்தார். பெரிய விலங்குகளை மட்டுமே நடிக்க வைப்பவர், அதனால் அந்தப் பெயர். ஆள் என்னவோ ஒட்டடைக்குச்சி.

"நீர்யானை நாற்காலியில உட்காருற காட்சிம்மா. ஒண்ணு மாத்தினா, வயிறு எப்படிக் குலுங்குதுன்னு பாக்க ஒரு நாள் ஆகுது. அதுக்குள்ள எதுக்கு மாத்தினேன்னே மறந்துபோயிடுது."

கோபமாகச் சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பாள். சிரித்துக்கொண்டே சொன்னதுதான் சுட்டது.

நேரம் எங்கே போகிறது என்று அளந்தாள். வயிறு முழுக்க நான்கு லட்சம் சிறு துண்டுகள். ஒன்று அசைந்த சேதி பக்கத்துத் துண்டுக்கு மட்டும்தான் போனது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்ச்சேர நூற்றுக்கணக்கான சுற்று. நொடிக்கு இருபத்துநாலு படம் வேறு. ஒவ்வொரு படத்துக்கும் நிரல் பூஜ்யத்திலிருந்து தொடங்கி, அரைத்த மாவையே அரைத்துக்கொண்டிருந்தது.

முந்தின படத்தின் விடையிலிருந்தே அடுத்ததைத் தொடங்கவைத்தாள். பிறகு வயிற்றை இரண்டாயிரம் பெரிய துண்டுகளாக்கி, மொத்த அசைவை முதலில் தோராயமாகப் போட்டு, அதன்மேல் சிறு துண்டுகளைக்கொண்டு திருத்தச் சொன்னாள்.

மூன்றாம் நாள் ஓட்டினால் பன்னிரண்டே நிமிடம். ஓடிப்போய் யானையண்ணனைக் கூட்டிவந்தாள். திரையில் நீர்யானை உட்கார்ந்தது. நாற்காலியின் கைப்பிடி வயிற்றுக்குள் புகுந்து முதுகுவழியே வெளியே வந்தது.

"வேகம் நல்லாத்தான் இருக்கு," என்றார் அவர்.

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நாற்காலி இடிக்கிறதா என்று பார்க்கும் வேலையையும் பெரிய துண்டுகளிடம் விட்டிருந்தாள். மெல்லிய கைப்பிடி அவற்றுக்குத் தட்டுப்படவே இல்லை. அந்த வேலையைச் சிறு துண்டுகளிடமே திருப்பிக் கொடுத்தாள். பன்னிரண்டு நிமிடம் பதினைந்தானது. ஆகிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் சாயங்காலத்துக்குள் யானையண்ணன் நீர்யானையைப் பதினெட்டு தடவை உட்காரவைத்தார். தொப்பென்று, அலுப்போடு, கோபத்தோடு. பதினெட்டாம் தடவை, நாற்காலி தாங்குமோ என்று பயந்து, பிறத்தியார் வீட்டுக்கு வந்த விருந்தாளிபோல அது மெல்ல உட்கார்ந்தது. உடம்பு நின்ற பிறகு வயிறு மட்டும் ஒரு மூச்சு தாமதித்து வந்து, இரண்டு தரம் குலுங்கி அடங்கியது.

யானையண்ணன் அதை இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தார்.

"இப்படித்தான் வேணும்னு எனக்கே தெரியாதும்மா," என்றார் அவர். "பதினேழு தடவை தப்பாச் செஞ்சு பாக்க முடிஞ்சுதுல்ல, அதான்."

வீட்டில் கதவைத் திறந்த கணவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "என்ன, முகமெல்லாம் பல்லா இருக்கு?"

"நீர்யானை உட்காந்துடுச்சு."

"நல்லா உட்காந்துச்சா?"

"ரொம்ப மரியாதையா," என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினாள்.