ஏழு லட்சத்து இருபதாயிரத்து எழுநூற்று இருபது

1

“யாரு வந்து பங்கு கேட்டாலும் மீதி வராத நம்பர் எதுப்பா?” என்று என் மகள் ஒருநாள் கேட்டாள். இந்தக் கதை பிறந்தது அங்கேதான். பூஜ்யம் என்றேன்.

“போப்பா, அது ஒண்ணுமே இல்லாதது. நிஜமா கையில ஏதாவது இருக்கிற நம்பர் சொல்லு.”

தேடிப் பிடித்தேன்: 7,20,720. ஒன்று முதல் பதினாறு வரை எதனால் வகுத்தாலும் மீதி வராது. பூஜ்யத்தை விட்டால், அந்தக் குணமுள்ள மிகச் சிறிய எண் இதுதான்.

முதல் வரியை இப்படி எழுதினேன்: ‘யார் கேட்டாலும் இல்லையென்று சொல்லாத ஓர் எண் இருந்தது. அதற்கு ஒருநாள்

(வேண்டாம். எண்ணைப் பேசவைத்தால் எனக்கே அலுப்பாக இருக்கிறது. மனிதர் யாராவது வேண்டும்.)

2

மனிதர் என்றதும் அண்ணிதான் வந்து நின்றார். பள்ளியில் கணக்கு ஆசிரியை. அண்ணன் இறந்த பிறகும், படுத்த படுக்கையாகிவிட்ட என் அப்பாவை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். புரட்டுவது, துடைப்பது, துணி மாற்றுவது எல்லாம். வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. இனியும் பளு தூக்கினால் கை விளங்காமல் போய்விடும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

“நான் செய்யறேன் அண்ணி.”

“நீங்க எழுதுங்க தம்பி. பெத்த பிள்ளைகிட்டதான் மாமாவுக்குக் கூச்சம் ஜாஸ்தி.”

அதற்குள் மகள் கால்குலேட்டரோடு ஓடிவந்தாள். “பெரியம்மா, பதினேழு உதைக்குது! மீதி அஞ்சு!”

“உதைச்சா பதினேழால பெருக்கிக்கோ. என்ன தம்பி, கணக்குலயும் கதை விட ஆரம்பிச்சாச்சா?”

பெருக்கினோம். 1,22,52,240. பதினேழு அடங்கியது. பதினெட்டும் தொந்தரவு செய்யவில்லை. பத்தொன்பது உதைத்தது.

“இது எப்பதான் முடியும் பெரியம்மா?”

“முடியாதுடி செல்லம். நீ எவ்வளவு பெரிசாக்கினாலும் இன்னொருத்தர் வந்து நிப்பாங்க.” மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே உள்ளே போனார்.

(அடிக்குறிப்பு போல ஒன்று: எந்த எண்ணையும் அதற்கு அடுத்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். முழு எண்ணும் அப்படியே மீதியாக நிற்கும். அதனால் திருப்திப்படாதவர் எப்போதும் அடுத்த படியிலேயே இருக்கிறார்.)

3

முடிவு அ: எண், ‘போதும்’ என்கிறது. (அண்ணி சொல்லமாட்டார்.)

முடிவு ஆ: ஒரு காலையில் அண்ணியின் கை

இந்த வாக்கியத்தை முடிக்க மனம் வரவில்லை. கடவுள் மன்னிக்கட்டும்.

எழுதி எழுதி ஓய்ந்துவிட்டேன். மீதி வந்தால் கணக்கு தப்பு என்றே படிக்கிற நாளில் நினைத்திருந்தேன். மற்றவர்களும் கை கொடுக்கட்டும் என்று கடவுள் விட்டுவைத்த இடமோ என்று இப்போது தோன்றுகிறது.

4

மதியம். மகள் பள்ளியில். அண்ணி விடுப்பில் இருந்தாலும் விடைத்தாள்கள் விடவில்லை. அவற்றின் மேலேயே தலைசாய்த்துத் தூங்கிவிட்டார். அப்பாவின் அறையிலிருந்து வாடை வருகிறது. அண்ணியை எழுப்பவில்லை. வெந்நீரும் துண்டும் மாற்றுத் துணியும் எடுத்துக்கொண்டு போகிறேன்.

என்னைப் பார்த்ததும் அப்பா சுவர்ப் பக்கம் திரும்பப் பார்க்கிறார். முடியவில்லை. கொஞ்ச நேரம் என் கையையே பார்க்கிறார். பிறகு, சரி, ஆகட்டும் என்பதுபோல் கண்களை மூடிக்கொள்கிறார்.

வாசகரே, கதைக்கு ஒரு முடிவு வேண்டுமென்றால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இதற்குமேல் உள்ளே வரவேண்டாம். கதவைச் சாத்துகிறேன்.