காதில் சொன்னது

நடிப்புச் சொல்லிக்கொடுக்கும் அந்த மாடி அறையில் ஒரே ஒரு சட்டம்தான். பிள்ளைகளின் காதில் யாரும் எதையும் ரகசியமாகச் சொல்லக் கூடாது. எதுவானாலும் உரக்கச் சொல்ல வேண்டும், சுவரோரம் உட்கார்ந்திருக்கும் பெற்றவர்களுக்கும் கேட்க வேண்டும். அப்பாக்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அம்மாக்கள்தான் படியிறங்கும்போது, "பழைய நடிகை இல்லையா, ஏதாவது ஒரு கிறுக்கு இருக்கத்தான் செய்யும்" என்று பேசிக்கொள்வார்கள். படிக்கட்டில் பேசுவது மேலே அட்சரம் பிசகாமல் கேட்கும் என்பது பாவம் அவர்களுக்குத் தெரியாது.

மேலே வகுப்பு நடத்துகிற அக்கா கேட்டுக்கொண்டு சும்மா இருப்பாள். எல்லோரும் அவளை அக்கா என்றுதான் சொல்கிறார்கள். அறுபத்துமூன்று வயதாகியும் அந்தப் பட்டம் அவளை விட்டுப் போகவில்லை, நாமும் அப்படியே சொல்லிவிட்டுப் போவோம். கிறுக்கு என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். காரணத்தைச் சொல்வதைவிட அந்தப் பெயர் எவ்வளவோ மேல் என்று அவள் எப்போதோ முடிவு செய்துவிட்டாள்.

இருபத்திரண்டு வயதில் அவள் பேய்ப்படங்களில் நடித்தாள். மொத்தம் ஐந்து படம். ஐந்தும் ஒரே பாழடைந்த வீட்டில், ஒரே வாளிச் சிவப்புச் சாயத்தை வைத்து எடுத்தவை. வெளியானபோது ஒன்றும் ஓடவில்லை, ஒரு வாரத்தில் படப்பெட்டி திரும்பி வந்துவிட்டது. பத்து வருடம் கழித்து, என்ன மாயமோ, கல்லூரிப் பிள்ளைகள் அவற்றைத் தேடிப் பிடித்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். வசனமெல்லாம் அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். திரையில் அவள் வாயைத் திறந்தால் அரங்கமே அவளோடு சேர்ந்து அலறும். அவள் முகத்தைப் போட்டு பனியன்கூட வந்தது. மூன்றாவது படத்தில், கிணற்றடியில் அவள் அலறிய முகம் அது.

அந்த அலறல் நடிப்பில்லை. ஒன்பது முறை எடுத்தும் சரியாக வராமல் போக, டைரக்டர் காதருகே குனிந்து, "உங்கப்பா மேல லாரி ஏறிடுச்சாம், இப்பத்தான் போன் வந்துச்சு" என்றார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அலறி முடித்து, செருப்புகூடப் போடாமல் வாசல்வரை ஓடியவளை இழுத்துப் பிடித்து, "சும்மா சொன்னேம்மா, ஷாட் பிரமாதம்" என்று சிரித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அப்பாவுக்கு ஒன்றுமில்லை, வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகும் பதினெட்டு வருடம் நன்றாகவே இருந்தார். ஆனால் போன் மணி அடித்தால் அவள் முதலில் செருப்பைத்தான் தேடுவாள், இன்றைக்கும் தேடுகிறாள்.

ஆகவே அந்த வலி என்னவென்று அவளுக்குத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று தன்னிடமே சொல்லிக்கொள்ளக்கூட அவளுக்கு வழியில்லை.

முப்பத்தைந்து வயதில் பேய் வேஷமும் நின்றது, பேய்க்கும் இளமை வேண்டுமாம். டிவியில் குழந்தைகள் நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டார்கள். பச்சை கவுன், பச்சைத் தொப்பி, அட்டையில் ஒரு வீடு, பேசும் துணி முயல். பட்டாணி அக்கா என்று பெயர் வைத்தார்கள். ரத்தம் குடித்தவள் பல் தேய்க்கச் சொல்லிக்கொடுக்கிறாள் என்று பத்திரிகைக்காரர்கள் கிண்டலடித்தார்கள். அவளுக்கும் சிரிப்புத்தான் வந்தது. பதினான்கு வருடம் அந்தக் கவுனில் பிள்ளைகளோடு பிள்ளையாக இருந்தாள், சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

அங்கேதான் ஓட்டைப்பல் வந்தாள். ஆறு வயது, முன்பல் இரண்டும் இல்லை. அந்தப் பெயரை வைத்தவர் முயலை ஆட்டுகிறவர். குழந்தை அதற்குக் கோபப்படாமல், கேட்டவர்களுக்கெல்லாம் ஓட்டையைத் திறந்து காட்டினாள்.

ஒரு நாள் பொம்மை தொலைந்து அவள் அழ வேண்டிய காட்சி. அவளுக்கோ முயலைப் பார்த்தாலே சிரிப்பு. கண்ணில் கிளிசரின் போட்டார்கள், எரிகிறது என்று துடைத்துப் போட்டாள். ஒரு மணிக்கு ஸ்டுடியோவைச் செய்திக்காரர்களுக்கு விட வேண்டும். மணி பன்னிரண்டு ஐம்பது. உதவி டைரக்டர் கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டினான். குழந்தையின் அம்மா அவள் முதுகுக்குப் பின்னால், கண்ணாடிக் கதவுக்கு வெளியே, கையில் குழந்தையின் ஸ்வெட்டரோடு நின்றிருந்தாள். அக்கா முதலில் அந்தக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தாள். அம்மாவுக்குக் கேட்காது என்று உறுதி செய்துகொண்டுதான் குனிந்தாள். "உங்கம்மா உன்னை இங்கயே விட்டுட்டுப் போயிட்டாங்க. இனிமே வரவே மாட்டாங்க."

ஒரே டேக்.

எல்லோரும் கைதட்டினார்கள். அந்தப் பேய்ப்பட டைரக்டராவது சும்மா சொன்னேன் என்று சொன்னார். இவள் அதைக்கூடச் சொல்லவில்லை. அம்மாவைப் பார்த்தால் குழந்தைக்குத் தானே தெரிந்துவிடாதா என்று மேக்கப்பைக் கலைக்கப் போய்விட்டாள். அடுத்த வாரம் குழந்தை வரவில்லை. வீடு மாறிவிட்டார்கள் என்றார்கள். அதோடு போயிற்று என்று அவளும் இருந்திருக்கலாம், மனசு விடவில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம் வகுப்பு முடிந்து, பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் படியேறி வந்தாள். முப்பது வயதிருக்கும். கையைப் பிடித்தபடி ஆறு வயது மகள். கீழே சலவைக் கடையிலிருந்து இஸ்திரி ஆவியின் வாடை அவர்களோடு சேர்ந்து மேலே வந்தது.

"பட்டாணி அக்கா, என்னைத் தெரியுதா?" என்றாள் வந்தவள். பிறகு வாயை அகலமாகத் திறந்து, முன்பல் இரண்டையும் விரலால் மறைத்துக் காட்டினாள்.

அக்கா கையிலிருந்த பாயை அப்படியே விட்டாள். "ஓட்டைப்பல்."

"பரவால்லையே. இப்ப எல்லாம் முளைச்சிடுச்சுக்கா."

சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள், தண்ணீர் கொண்டுவந்தாள், அதைக் கொடுக்க மறந்து கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"பாப்பாவைச் சேர்க்க வந்தியாம்மா?"

"அது ஒரு சாக்குக்கா. அவளுக்கு ஆசைதான், இல்லைன்னு சொல்லல. ஆனா நான் வந்தது உங்ககிட்ட ஒண்ணு கேக்கறதுக்கு." மகளைப் பார்த்து, "கண்ணு, அந்தக் கண்ணாடிகிட்ட போய் விளையாடு" என்றாள். சுவர் நீளத்துக்கு இருந்த கண்ணாடியின் முன்னால் போய் நின்று குழந்தை நாக்கைத் துருத்திப் பார்த்தது.

"அன்னைக்கு என் காதுல ஒண்ணு சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா?"

இந்தக் கேள்விக்கான பதிலை அக்கா இருபத்தைந்து வருடமாக ஒத்திகை பார்த்திருக்கிறாள். மன்னிச்சிடும்மா என்று ஆரம்பிக்கும். அது தொண்டைவரை வந்தது. ஆனால் வந்தவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"எங்கம்மா போகப்போறாங்கன்னு உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

அக்காவுக்கு எதுவும் புரியவில்லை. "போகப்போறாங்கன்னா?"

"அன்னைக்கு பஸ்ல வீட்டுக்குப் போறப்போ அம்மாகிட்ட சொன்னேன். நீ என்னை விட்டுட்டுப் போயிட்டே, இனிமே வரமாட்டேன்னு அக்கா சொன்னாங்களேன்னு. அம்மா மூஞ்சி வெளுத்துப்போச்சு. அவங்களுக்கு யார் சொன்னா, வேற என்ன சொன்னாங்கன்னு இறங்கற வரைக்கும் கேட்டுட்டே வந்தாங்க. மூணாம் நாள் போயிட்டாங்க. பெட்டியை முன்னாடியே கட்டி, கட்டிலுக்கு அடியில வச்சிருந்தாங்களாம், அத்தைதான் பின்னாடி சொன்னாங்க. அப்புறம் அப்பா என்னைக் கூட்டிட்டுப் போய் அத்தை வீட்டுல விட்டுட்டாரு."

"அதுக்கப்புறம் அம்மா வரவே இல்லையா?"

"இல்லக்கா. போன வருஷம் தவறிட்டாங்கன்னு தகவல் மட்டும் வந்துச்சு. இனிமே போய்க் கேக்க எனக்கு யாரும் இல்ல, நீங்க ஒருத்தர்தான் பாக்கி." நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். "அம்மா உங்ககிட்ட சொல்லியிருக்காங்க, இல்லையா? என்னைப் பத்தி என்னக்கா சொன்னாங்க?"

ஒரு வரி போதும். உன்னை விட்டுட்டுப் போக எனக்கு மனசே இல்லன்னு சொல்லி அழுதாங்கம்மா. அவ்வளவுதான். எந்த இடத்தில் குரல் உடைய வேண்டும், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது அக்காவுக்கு அத்துப்படி. இந்தப் பெண் அதை எடுத்துக்கொண்டு போய்க் காலம் முழுக்க நிம்மதியாக இருப்பாள். யாருக்கு என்ன நஷ்டம். வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அப்போதுதான் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். அது அவளைக் கேட்காமலே தயாராகியிருந்தது. புருவம் சற்று உயர்ந்து, உதடு லேசாகத் துடித்து, பார்க்கிறவர்கள் உருகிப்போகும்படி இருந்தது. அவள் உள்ளங்கையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றாள். "உங்கம்மா என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. நீ அழணும்னு அப்படிச் சொன்னேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

"சும்மாவா?"

"சும்மாதான். ஒரு மணிக்கு ஸ்டுடியோவை விடணும். நீ சிரிச்சிட்டே இருந்தே. நான் பண்ணது மகா பாவம்மா. எனக்கு இதையே ஒருத்தர் பண்ணி, அது எப்படி இருக்கும்னு தெரிஞ்சும் பண்ணேன். அன்னைக்கு நான் வாயை மூடிட்டு இருந்திருந்தா உங்கம்மா பயந்திருக்க மாட்டாங்க. ஒருவேளை மனசு மாறிக்கூட இருந்திருப்பாங்க."

வந்தவள் கண்ணாடி முன்னால் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று அக்கா எதிர்பார்த்தாள். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"எங்க வீட்டுல எல்லாரும் பொய் சொன்னாங்க" என்றாள் வந்தவள், மெதுவாக. "அம்மா ஊருக்குப் போயிருக்காங்க, அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, பரீட்சை முடிஞ்சதும் வந்துடுவாங்க. நீங்க ஒருத்தர்தான் என்கிட்ட உண்மையைச் சொன்னீங்கன்னு நினைச்சிட்டிருந்தேன். சின்னப் பிள்ளைன்னு பாக்காம, மதிச்சு, முன்னாடியே சொல்லி வச்சாங்களேன்னு. என் பொண்ணுகிட்டகூடச் சொல்லியிருக்கேன், உலகத்துலயே நல்ல அக்கான்னு."

அக்காவுக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. இருபத்தைந்து வருடமாகத் தன்னைச் சபித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்த குழந்தை அவளைக் கொண்டாடிக்கொண்டிருந்திருக்கிறது. அது இதைவிடக் கொடுமை.

வந்தவள் எழுந்து பையை எடுத்தாள். அப்போதுதான் அக்காவுக்கு அந்தக் கண்ணாடிக் கதவு ஞாபகம் வந்தது. குழந்தை அழ ஆரம்பித்ததும், அம்மாவுக்குக் கேட்டுவிட்டதோ என்று பயந்து இவள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்திருந்தாள்.

"ஒரு நிமிஷம் இரும்மா. ஒண்ணு மட்டும் நான் பார்த்தேன். நீ அழுதப்போ வெளியில நின்னு உங்கம்மாவும் அழுதாங்க. அந்த ஸ்வெட்டரை மூஞ்சியோட சேர்த்துப் பொத்திக்கிட்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதாங்க. பிள்ளை நடிப்புக்கு அழறதுக்கே இப்படியா, ரொம்ப இளகின மனசு போலன்னு அன்னைக்கு நினைச்சேன். இப்பத்தான் எனக்கே புரியுது."

வந்தவள் கிட்டே வந்தாள். அக்காவின் முகத்தை, நெற்றியிலிருந்து தாடைவரை, நிதானமாகத் தேடினாள்.

"இது நிஜமா?"

"நிஜம்மா."

"இதுவும் எனக்காகச் சொல்றீங்களா?"

"இல்லம்மா. சத்தியமா நான் பார்த்தேன்."

சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. வேண்டாம், இப்போது வேண்டாம் என்று அக்கா பல்லைக் கடித்தாள். கண்ணீர் கேட்கவில்லை. கன்னத்தில் வழிந்து மோவாயில் சொட்டியது. எந்தப் படத்திலும் அவள் இவ்வளவு நன்றாக அழுததில்லை. வந்தவள் அதைப் பார்த்தாள். பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "வரோம்க்கா" என்றாள்.

அக்கா வாசல்வரை போய் நின்றாள். இரண்டு செருப்புச் சத்தம் படியில் இறங்கியது. பாதியில் நின்றது.

"அம்மா, அவங்க ஏம்மா அழறாங்க?"

அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அவங்களுக்கு அது நல்லா வரும், கண்ணு. பாத்து இறங்கு."