ஆறாயிரம் ரூபாய்க்குள் கருணாகரன்

கோமளாவின் கணவர் கருணாகரனைப் பதினொரு வருஷமாக வீட்டுக் கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் கார்டுதான் வரைந்துகொண்டிருந்தது. அதில் அவளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. எதிர் ஃபிளாட்டுக்காரியின் மாமனாரை டிவி வரைகிறது. கரண்ட் போனால் மாமனாரும் போய்விடுவார். கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து திட்டுவார். அதற்குக் கருணாகரன் எவ்வளவோ மேல்.

போன மாதம் கார்டின் விசிறி நின்றுபோனது. முதலில் கருணாகரனின் காதுகள் கட்டம் கட்டமாயின. பிறகு மீசை. அவர் சிரித்தால் சிரிப்பு மூன்று விநாடி கழித்து வந்தது. அதற்குள் கோமளா அடுப்பைப் பார்க்கப் போயிருப்பாள். சிரிப்பு காலி நாற்காலியைப் பார்த்துவிட்டு அடங்கிப்போகும்.

சனிக்கிழமை காலை காபி குடிக்க வலது கை வரவில்லை. டம்ளர் மட்டும் மேலே போனது.

"என்னங்க, கை எங்க?"

"வந்துட்டு இருக்கு."

ரிப்பேர்காரர் கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு கருணாகரனை நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார்.

"கார்டு போச்சு மேடம். சாயந்தரம் ஆறு மணிக்குள்ள வேற கார்டுக்கு பில் போட்டாகணும். இல்லன்னா சார் வெறும் அவுட்லைன்தான்."

"அவுட்லைன் பேசுமா?"

"எது சொன்னாலும் சரிம்மா, சரிம்மான்னு சொல்லும்."

கோமளா கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

கையில் ஆறாயிரம் ரூபாய் இருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கணவரிடம் சொன்னாள்: "கடையில நான் பேசறேன். நீங்க வாயே தொறக்கக்கூடாது."

கல்யாணமான இந்தப் பத்தொன்பது வருஷத்தில் கோமளா எந்தக் கடையிலும் பேரம் பேசி ஜெயித்ததில்லை. விலை இறங்கப்போகிற அந்த நொடியில் கருணாகரன் குறுக்கே வந்துவிடுவார். பாவம் கோமு, கேட்டதைக் கொடுத்துவிடலாம் என்பார். புடவைக்கடைகளில் அவரை வாசலிலேயே நிறுத்திவைப்பது வழக்கம். அவர் வாசலில் நின்று பூக்காரியிடம் கேட்டதைக் கொடுத்துக்கொண்டிருப்பார்.

"சரி," என்றார் கருணாகரன். அந்தச் சரி அடுத்த ஸ்டாப்பிங்கில் வந்தது. வலது கை அடுத்த பஸ்ஸில் வருவதாக இருந்தது.

கம்ப்யூட்டர் கடைகள் இருந்த காம்ப்ளெக்ஸ் வாசலில் ஓர் அம்மாள் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"பட்ஜெட்?"

"ஆறாயிரம்."

"நேரா போங்க. கடைசிக் கடை."

"எவ்ளோ தூரம்?"

"ஆறாயிரத்துக்கு உண்டான தூரம்."

முப்பதாயிரம் சொன்னவர்களுக்கு முதல் கதவே கடையாக இருந்தது. கோமளாவுக்கு நடைபாதை நீண்டது. அவள் இரண்டு முறை தண்ணீர் குடித்தாள். ஒரு முறை உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டாள். கடையை அடைந்தபோது மணி ஐந்து. ஐயாயிரத்து ஐந்நூறு என்று சொல்லியிருந்தால் விடிந்திருக்கும்.

கடைக்காரர் நிஜாமுதீன் பாய் கருணாகரனை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார்.

"கம்ப்யூட்டருக்கு வயசு?"

"பதினொண்ணு."

"சாருக்கு?"

"நாப்பத்தாறு."

"பவர் எவ்ளோ தாங்கும்?"

"முந்நூறு வாட்."

"அப்ப பெரிய கார்டு போட்டா வீட்ல மத்தவங்க மங்கிடுவாங்கம்மா. இருந்தாலும் பாருங்க. பாக்கறதுக்குக் காசில்ல."

முதல் கார்டுக்கு மூன்று விசிறிகள். பாய் அதைக் கடைக் கம்ப்யூட்டரில் மாட்டியதும் கருணாகரன் பளிச்சென்று தெரிந்தார். மீசையில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாக அசைந்தது. கடையில் இல்லாத ஜன்னலிலிருந்து அவர் கன்னத்தில் வெயில் விழுந்தது.

"கோமளா, இன்னைக்கு ரொம்ப அழகா இருக்க," என்றார். சிரிப்பு வார்த்தைக்கு முன்பே வந்துவிட்டது.

கோமளா ஓரடி பின்வாங்கினாள். "எவ்ளோ பாய்?"

"இருபத்தெட்டாயிரம்."

"ஆறுக்குக் குடுங்க."

"அதுக்கு மேல ஒரு பைசா தரமாட்டோம்," என்றார் கருணாகரன் கறாராக.

கோமளா பாய் பக்கம் திரும்பினாள். "இது யாரு பாய்?"

"உங்க வீட்டுக்காரர்தாம்மா."

"கழட்டிடுங்க."

இரண்டாவது, யாரோ வைத்திருந்த பழைய கார்டு. ஐயாயிரத்து எழுநூறு. அதில் கருணாகரன் அளவாக, சுமாராக வந்தார். கோமளாவுக்குப் பிடித்துப்போனது. அவர் அவளைப் பார்த்துக் கவலையோடு கேட்டார்:

"சகுந்தலா, மாத்திரை போட்டியா?"

"இது முன்னாடி எங்க இருந்துச்சு பாய்?"

"கடலூர்ல ஒரு வீட்ல."

"அந்த அம்மா நல்லா இருக்காங்களா?"

"அவங்க புது கார்டு வாங்கிட்டாங்கம்மா."

நாற்காலியில் இருந்தவர் பதிலுக்குக் காத்திருந்தார். கோமளாவுக்கு மனசு கேட்கவில்லை.

"போட்டுட்டேங்க," என்றாள்.

அவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். அதன்பிறகே பாய் கார்டைக் கழற்றினார்.

மணி ஐந்தே முக்கால். மூன்றாவது கார்டின் அட்டைப்பெட்டி கிழிந்திருந்தது. ஒற்றை விசிறி, உள்ளங்கை அளவு. பாய் மாட்டினார். கருணாகரன் வந்தார். இடது காது சற்று மேலே இருந்தது. சட்டையின் கட்டங்கள் கழுத்துவரை ஏறியிருந்தன. வலது கை இருந்தது.

"என்னங்க," என்றாள் கோமளா.

பதில் இல்லை.

"இவர்தானான்னு எப்படிப் பாய் தெரியும்?"

"எனக்குத் தெரியாதும்மா. நான் கடைக்காரன்."

மணி ஐந்து ஐம்பது. கோமளா முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"எவ்ளோ?"

"ஆறாயிரம்."

"நாலு."

"கட்டாதும்மா."

"பெட்டி கிழிஞ்சிருக்கு. காது கோணலா இருக்கு. நாலு."

"அஞ்சு எட்டு."

"வேணாம், நாங்க வர்றோம்." திரும்பினாள். வாசல்வரை போனாள். ஒரு காலை வெளியே வைத்தாள்.

"சரி நில்லுங்கம்மா. நாலரைன்னு..."

கோமளா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு விநாடி போயிற்று. இன்னும் அரை விநாடி போயிற்று.

"பாவம் கோமு," என்றது நாற்காலியிலிருந்து ஒரு குரல். "கடைசிக் கடை. தினமும் எவ்ளோ தூரம் நடந்து வர்றாரோ. கேட்டத குடுத்துடலாம்."

கோமளாவுக்குக் கோபம் கால் பெருவிரலிலிருந்து உச்சிவரை ஏறியது. பத்தொன்பது வருஷமாக ஏறுகிற அதே கோபம். கண் கலங்கியது.

"வாயத் தொறக்கக்கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்ன."

"பில் போடுங்க பாய்," என்றாள். "ஆறாயிரம்."

ஐந்து ஐம்பத்தெட்டுக்கு பில் வந்தது. பாய் கடையைச் சாத்தினார். மூவருமாக நடக்கத் தொடங்கினார்கள். இப்போது யாரிடமும் பட்ஜெட் இல்லை. நடைபாதையின் முடிவு கண்ணுக்கே தெரியவில்லை.

"எவ்ளோ நேரம் ஆகும் பாய்?"

"பேசிட்டே போனா தெரியாதும்மா."

கருணாகரன் அவளைத் திரும்பிப் பார்த்தார். கோமளா நின்றாள். எங்கேயும் போகாமல் ஒன்றரை விநாடி நின்றாள். சிரிப்பு வந்து சேர்ந்தது.

பாதி வழியில், அடுத்த பஸ்ஸில் வந்த பழைய வலது கை எதிரே வந்துகொண்டிருந்தது. பாய் ஒதுங்கி வழி விட்டார். கருணாகரனுக்கு இப்போது மூன்று கைகள். ஒன்றில் கார்டுப் பை இருந்தது. ஒன்று பாயின் டிபன் கேரியரை வாங்கிக்கொண்டது. மிச்சமிருந்த கையைக் கோமளா பிடித்துக்கொண்டாள்.