இரண்டாம் சுற்று எலிகள்

அந்த ஆய்வகத்தில் அவளை எல்லோரும் எலியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். சுண்டெலிக் கூண்டுகள் இருக்கும் அறை ஒன்பது வருடமாக அவள் பொறுப்பு. மரத்தூள் மாற்றுவாள், தண்ணீர்ப் புட்டி கழுவுவாள், ஒவ்வொரு எலியையும் தினமும் பார்த்துப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவாள். எதற்கு உடம்பு சரியில்லை என்று ஒரு பார்வையிலேயே சொல்லிவிடுவாள்.

ஆய்வை நடத்திய விஞ்ஞானியை அவள் அக்கா என்பாள். கூடப்பிறந்தவர் இல்லை. ஆனால் அவளுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தபோது மூன்று நாள் மருத்துவமனையை விட்டு நகராமல் இருந்தவர் அவர்தான். "இவ என் தங்கச்சி" என்றுதான் யாரிடமும் அறிமுகப்படுத்துவார்.

பண்ணை மான்களுக்கு ஒரு நோய் வந்திருந்தது. கிருமியால் வருவதல்ல. பிரியான் என்ற புரதம் மடிப்புக் கோணிப்போய், பக்கத்துப் புரதங்களையும் கோணலாக்கி, மூளையைப் பஞ்சாக அரித்துவிடும். அது மனிதருக்குத் தாவுமா என்று பார்க்க, மனித மரபணு ஏற்றிய எலிகளுக்கு மான் மூளைச் சாற்றை ஊசியில் செலுத்தினார்கள். முதல் சுற்று எலிகள் ஒரு குறையுமில்லாமல் வாழ்ந்து கிழடாகிச் செத்தன. பயமில்லை என்று அக்கா அறிக்கை கொடுத்தார். கடைகளில் மான் கறி விற்பனை நிற்கவில்லை. எலியம்மா வீட்டுப் பிள்ளைகளுக்கு அதென்றால் உயிர்.

நோய் வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க, செத்த எலிகளின் மூளையிலிருந்து எடுத்ததை இரண்டாம் சுற்று எலிகளுக்குச் செலுத்தினார்கள். நானூறாவது நாளை ஒட்டி மூன்று எலிகள் தள்ளாடின. வாலைப் பிடித்துத் தூக்கினால் நல்ல எலிபோலப் பின்கால்களை விரிக்காமல் வயிற்றோடு மடக்கிக்கொண்டன. அவள் கண்டதை அப்படியே எழுதினாள். அக்கா வந்து பார்த்தார்.

"வயசாயிடுச்சு, அவ்வளவுதான். நீ மனசைப் போட்டுக் குழப்பிக்காதே."

அந்த மூன்றும் செத்ததும் அவற்றின் மூளைகள் நம்பர் போட்ட புட்டிகளுக்குள் போயின. அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். வெறுங்கையோடு போவானேன் என்று வழியில் ஒரு கிலோ மான் கறி வாங்கிக்கொண்டாள். கதவைத் திறந்த அக்காவின் கணவர் பொட்டலத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"இதையாம்மா வாங்கிட்டு வந்தே? ஆறு மாசமா நாங்க தொடறதே இல்லையே. உங்க அக்காதான் கூடாதுன்னுட்டா. உன்கிட்ட சொல்லலையா?"

பின்னால் ஈரக் கையோடு அக்கா நின்றிருந்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது. கணவர் ஒன்றும் புரியாமல் உள்ளே போய்விட்டார்.

"அந்த மூணு எலியாலயா?" என்று கேட்டாள்.

"உறுதியாகாம எப்படிச் சொல்றது? ஊரே பீதியாயிடும். மான் பண்ணைக்காரங்க சங்கம் தர்ற உதவியிலதான் ஆய்வகமே ஓடுது."

"உங்க வீட்டுக்கு மட்டும் உறுதியாயிடுச்சா அக்கா?"

அக்கா தரையைப் பார்த்தார். "சொன்னா நீ வெளியில சொல்லிடுவேன்னு பயந்தேன்."

அவள் திரும்பி நடந்தாள். பொட்டலம் கையில் கனத்தது. தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு அங்கேயே நின்று அழுதாள். ஆறு மாதமாகத் தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவர். பிள்ளைகள் என்ன சாப்பிட்டார்கள் என்று விசாரித்தவர்.

மறுநாள் பதிவேட்டைப் புரட்டினாள். அவள் எழுதிய பக்கமே இல்லை. வேறு தாளில், வேறு கையெழுத்தில், 'மாற்றம் ஏதுமில்லை' என்றிருந்தது. கீழே அவள் போடாத அவள் கையொப்பம், அச்சு அசலாக. அதைப் பார்த்த பிறகு அவளுக்குத் தயக்கம் போய்விட்டது.

நெறிமுறைக் குழுத் தலைவரான கால்நடை மருத்துவரிடம் பதிவேட்டைக் கொண்டுபோய் வைத்தாள். "புட்டி நம்பர் எனக்குத் தெரியும் சார். வெளியாள் யாரையாவது வெச்சு அறுத்துப் பாருங்க."

பார்த்தார்கள். மூன்றில் இரண்டு மூளைகளில் ஓட்டைகள் இருந்தன. அறிக்கை திரும்பப் பெறப்பட்டது, கடைகளில் விற்பனை நின்றது, அக்கா வேலையை விட்டுப் போனார்.

"நம்ம பிள்ளைங்களுக்கு ஏதாவது ஆகுமா?" என்று அவள் கணவன் கேட்டான்.

"எலிக்கு மூளையிலயே ஊசி போட்டாங்க. சாப்பிட்டா வருமான்னு யாருக்கும் தெரியாது. வந்தாலும் வெளியில தெரிய வருஷக்கணக்காகும்." மறைக்காமல் சொன்னாள்.

அடுத்த மாதம் பிள்ளைகளில் ஒருத்திக்குக் காய்ச்சல் அனலாகக் கொதித்தது. பதறிப்போய் போனை எடுத்தவள், விரல் பழக்கத்தில் அக்காவின் எண்ணுக்கே போனதைப் பார்த்தாள். போனை வைத்துவிட்டு, பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் நடந்தாள். சாதாரணக் காய்ச்சல்தான் என்றார் அவர். அந்தச் சொல்லையும் அவள் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டாள்.