புருவம் பார்த்துச் சொன்ன விடைகள்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளை எல்லோரும் ஊசிக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். நரம்பே தென்படாத கையிலும் ஒரே குத்தில் ரத்தம் எடுத்துவிடுவாள். குழாய் நிறைகிறவரை அவள் முகத்தில் ஓர் அசைவு இருக்காது. அதைப் பார்த்தே வந்தவர்களில் பாதிப் பேருக்குப் பயம் போய்விடும். அந்த முகத்தை வெள்ளைக் கோட்டோடு சேர்த்து அங்கேயே மாட்டிவிட்டு வருவாளோ என்னவோ, வீட்டில் மகளுடைய அறிவியல் நோட்டைத் திறந்துவிட்டால் போதும், மனதில் ஓடுவதெல்லாம் நெற்றியில் வந்து நிற்கும்.

மகளுக்குப் பதினொரு வயது. பென்சில் முனையைக் கொறித்துக் கொறித்தே அப்பாவிடம் அணில் என்று பெயர் வாங்கியவள். வரப்போவது ஆரம்பப் பள்ளியின் கடைசித் தேர்வு. அதில் எடுக்கிற மதிப்பெண்ணை வைத்துத்தான் அடுத்து எந்தப் பள்ளி என்பது முடிவாகும். மற்ற பாடங்களில் குறையில்லை, அறிவியல்தான் காலை வாரிக்கொண்டிருந்தது. போன பரீட்சையில் நூற்றுக்கு நாற்பத்தொன்று. 'ஏன்?' என்று கேட்ட இடமெல்லாம் சுழி. தாளின் ஓரத்தில் ஆசிரியை சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'விஷயம் தெரிகிறது, விடையாக எழுதத் தெரியவில்லை.'

அன்றைக்கே ஊசிக்காரம்மா வரிந்து கட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். ஐந்து வருடத்துக் கேள்வித்தாள்களைத் தேடிப்பிடித்து, விடைக்குறிப்புகளையும் வாங்கி, எந்தச் சொல்லுக்கு மதிப்பெண் தருகிறார்கள் என்று சொல் சொல்லாகக் கண்டுபிடித்து நோட்டில் ஏற்றினாள். குளிர்ந்த தண்ணீர் உள்ள டம்ளரின் வெளிப்புறத்தில் துளிகள் எப்படி வந்தன? 'டம்ளருக்கு வேர்த்துவிட்டது' என்று அணில் எழுதியிருந்தாள். பாவம், பார்த்ததைத்தானே எழுதினாள்! ஆனால் விடைக்குறிப்பு அப்படிச் சொல்லவில்லை. 'காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த பரப்பைத் தொட்டு, வெப்பத்தை இழந்து, நீர்த்துளியாகிறது.' அந்த 'இழந்து'வுக்கு மட்டும் ஒரு மதிப்பெண். அம்மா அதற்கு மூன்று கோடு போட்டாள்.

இரண்டு மாதம், தினமும் சாயங்காலம் ஒரு மணிநேரம். சாப்பாட்டு மேசையின் இந்தப் பக்கம் அம்மா, எதிரில் அணில். எழுத வைத்தால் நேரமாகும் என்று வாயால் கேட்டு வாயாலேயே பதில் வாங்குவாள். நாளாக ஆகப் பதில்கள் கணீரென்று வர ஆரம்பித்தன. தேர்வுக்கு முந்தின வெள்ளிக்கிழமை இருபதுக்குப் பதினெட்டு. ஊசிக்காரம்மாவுக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை.

சனிக்கிழமை மதிய இடைவேளையில், குழாய்கள் அடுக்கிய மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே வீட்டுக்குப் போன் போட்டாள்.

"சும்மா அஞ்சே அஞ்சு கேள்வி. டம்ளருக்கு வெளிய தண்ணி எப்படி வந்துச்சு?"

"காத்துல இருக்கிற நீராவி, குளிர்ந்த பரப்பத் தொட்டு, வெப்பத்தை..." அணில் நின்றுவிட்டாள்.

"வெப்பத்தை?"

"அம்மா, நீ வீடியோல வாயேன்."

"கேள்வி கேக்கறதுக்கு மூஞ்சி எதுக்கு? சொல்லு."

"வெப்பத்தை... வாங்கி?"

ஐந்தில் நாலு தப்பு. முந்தின நாள் தண்ணீர்பட்ட பாடாகச் சொன்ன அதே கேள்விகள்.  அம்மா போனை அப்பாவிடம் கொடுக்கச் சொன்னாள்.

"என்னங்க, அவளுக்கு ஜுரம் கிரம் அடிக்குதா?"

"நல்லாத்தான் இருக்கா. நீ எதிர்ல இல்லல்ல, அதான்."

"அப்படின்னா?"

"உன் மூஞ்சியப் பாத்துத்தானே அவ பதில் சொல்லுவா? தப்பா ஆரம்பிச்சா உன் புருவம் ஏறும், டக்குனு மாத்திக்குவா. சரியா இருந்தா உன் உதடும் கூடவே அசையும், அப்படியே இழுத்துட்டுப் போயிடுவா. நான் கேட்டா ஒண்ணும் வராது. ஏன்டான்னா, 'உங்க மூஞ்சில ஒண்ணுமே தெரியலப்பா'ங்கறா." அவர் சிரித்தார். "நீ தெரிஞ்சுதான் பண்றேன்னுல்ல நெனச்சேன்?"

ஊசிக்காரம்மா போனை வைத்தாள். அன்று பிற்பகல், பல வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக, ஒரு பெரியவரின் கையில் இரண்டு தடவை குத்த வேண்டியதாயிற்று. இவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இரண்டு மாதமாகத் தான் சொல்லிக்கொடுத்தது அறிவியலையா, தன் புருவத்தையா? திங்கட்கிழமை தேர்வறையில் அந்தக் குழந்தை எந்த முகத்தைப் பார்க்கும்?

சாயங்காலம் வேலைசெய்யும் இடத்து முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு மேசையில் உட்கார்ந்தாள். மூக்கும் வாயும் மறைந்தன. அணில் கண்ணைப் பார்த்துச் சொல்லிவிட்டாள். கறுப்புக் கண்ணாடியும் போட்டாள். அப்போதும் இருபதுக்குப் பதினாறு. "இன்னும் ஒரு போர்வைதான் பாக்கி, எடுத்துட்டு வரட்டுமா?" என்றார் அப்பா. அவள் முறைத்த முறைப்பில் அவர் தன்னால் உள்ளே போனார்.

ஞாயிற்றுக்கிழமை இருபது கேள்விகளையும் தாளில் எழுதி மேசையில் வைத்துவிட்டு, அம்மா படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். துணி மடிக்கிறேன் என்று பெயர், ஒரே சட்டையை நாலு தடவை மடித்தாள். பத்து நிமிடத்தில் கதவு லேசாகத் திறந்தது.

"அம்மா, ஒரே ஒரு தடவ எட்டிப் பாரேன். நான் கேக்க மாட்டேன். நீ சும்மா பாரு, போதும்."

"போய் எழுதுடி."

ஒரு மணிநேரம் கழித்துத் தாளை வாங்கித் திருத்தினாள். இருபதுக்கு ஏழு. சில இடங்களில் 'இழந்து' என்று எழுதி, அடித்து, 'வாங்கி' என்று எழுதி, அதையும் அடித்து, மறுபடி 'இழந்து' என்று எழுதியிருந்தது. தாளே கிழிந்துபோயிருந்தது. அதைப் பார்த்தபோது கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்ல வேண்டியதுதானே? ஏன்டி தெரிஞ்ச மாதிரியே சொன்னே?"

அணில் பென்சிலைக் கடித்தாள். "அப்பத்தானே நீ சிரிச்சே" என்றாள்.

அம்மா தாளை மடித்து வைத்தாள். மகளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துத் தலையைக் கோதினாள். "நோட்ட விட்டுடு. நாளைக்கு உனக்கு என்ன தோணுதோ அத எழுது" என்றாள். சொல்லிவிட்டாளே தவிர, சோறு உள்ளே இறங்கவில்லை. மகள் சாப்பிடாமல் பிசைந்துகொண்டிருந்ததையும் பார்த்தாள்.

திங்கட்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, பள்ளி வாசலில் மற்ற பெற்றோர்களோடு நின்றாள்.  உள்ளே பிள்ளை என்ன பாடு படுகிறதோ என்று ஒவ்வொரு நிமிடமும் செத்துப் பிழைத்தாள். மணி அடித்தது. பிள்ளைகள் திமுதிமுவென்று வந்தார்கள். அணில் நிதானமாக, ஏறக்குறைய சிரித்த முகமாக வந்தாள்.

"எல்லாத்துக்கும் எழுதிட்டேம்மா. எதையும் விடல."

"கஷ்டமா இருந்துச்சா?"

"மொதல்ல உன் மூஞ்சிய நெனச்சு நெனச்சுப் பாத்தேன். ஒண்ணும் வரல. அப்புறம் நானே யோசிச்சேன்." அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது. "நம்ம நோட்டுல இல்லாத கேள்வி ஒண்ணு வந்துச்சும்மா. ரெண்டு ஐஸ்கட்டி. ஒண்ணு சும்மா தட்டுல இருக்கு. இன்னொண்ண கம்பளித் துணில சுத்தி வச்சிருக்காங்க. எது சீக்கிரம் உருகும், ஏன்?"

"நீ என்ன எழுதினே?"

"சும்மா இருக்கறதுதான் சீக்கிரம் உருகும். கம்பளி வெளிய இருக்கிற சூட்ட உள்ள விடாது. அதனால சுத்தினது மெதுவாத்தான் உருகும்."

கம்பளி என்றால் கதகதப்பு, கதகதப்பில் ஐஸ் உருகாமல் என்ன செய்யும்? அம்மா இவ்வளவையும் யோசித்து முடிப்பதற்குள் புருவம் ஏறிவிட்டது.

"இல்லம்மா இல்லம்மா!" அணில் பதறிவிட்டாள். "கம்பளி சூடு, அதனால சுத்தினதுதான் சீக்கிரம் உருகும்னு எழுதினேன். மொதல்ல சொன்னது சும்மா, வாய் தவறி வந்துடுச்சு."

அப்போதுதான் ஊசிக்காரம்மாவுக்கு உறைத்தது. ரத்தக் குழாய்களைப் பெரிய பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பும்போது, ஐஸ் உருகாமல் இருக்கத் தடித்த துணியில் சுற்றித் தெர்மகோல் பெட்டிக்குள் வைப்பவளே அவள்தான். பிள்ளை முதலில் சொன்னதுதான் சரி. நோட்டில் இல்லாததை, எவர் முகத்தையும் பார்க்காமல், தானே யோசித்துக் கண்டுபிடித்திருக்கிறாள். தேர்வு முடிந்து தாளைக் கட்டிக்கொண்டு போயாகிவிட்டது. இனி ஓர் எழுத்தை மாற்ற முடியாது. ஆனாலும் அந்த விடையை இவள் ஒரு புருவத்தால் அழிக்கவைத்துவிட்டாள். 

"கண்ணு, நிஜமா எத எழுதினே?"

"எதும்மா சரி?"

"மொதல்ல சொன்னதுதான் சரி."

"அதான் எழுதினேன்" என்றாள் அணில், ஒரு நொடிகூடத் தாமதிக்காமல்.

பக்கத்தில் மற்றப் பிள்ளைகள் ஆளுக்கொரு விடையைக் கத்திக்கொண்டிருந்தார்கள். அம்மா மகளுடைய பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, கீழே மண்டியிட்டாள். இந்தக் கேள்விக்கு மகள் உண்மையில் என்ன எழுதினாள் என்பது தனக்கு இனி எப்போதும் தெரியப்போவதில்லை என்று அவளுக்குப் புரிந்தது.

"எத எழுதியிருந்தாலும் பரவால்லடா. சத்தியமா எனக்குக் கோபமே இல்ல."

 அது உண்மைதானா என்று அணில் அம்மாவின் முகத்தை நெற்றியிலிருந்து மோவாய்வரை நிதானமாகப் பார்த்தாள்.