ஞாயிற்றுக்கிழமை மாண்ட எலிகள்

அதியமான்கோட்டையை அடுத்த ஆய்வுக்கூடத்தில், புதிய பூச்சிமருந்தை ஈராண்டுகள் தின்ற எலிகளின் கணக்கு புள்ளியியலர் ஞானராஜின் ஒப்பத்திற்குக் காத்திருந்தது. மருந்து தின்ற கூட்டத்திற்கும் தின்னாத கூட்டத்திற்கும் ஈரல் கட்டியில் வேற்றுமை இல்லை என்று அவர் ஒப்பமிட்டால், அடுத்த விதைப்புப் பட்டத்திலேயே அது வயலுக்குப் போகும். வத்தல்மலையில் அவருடைய அண்ணன் யாகப்பன் வெற்றுடம்போடு அதைத் தெளிப்பார்.

வேற்றுமை இல்லை என்றே கணக்கும் சொல்லிற்று. ஆயினும் ஒன்று உறுத்தியது. மருந்தை மிகுதியாகத் தின்றவற்றுள் முன்னதாகவே மாண்டவை பல. அவற்றுள் திங்களன்று கண்டெடுத்த ஒன்றிலேனும் கட்டி இல்லை. நோய்க்குக் கிழமை தெரியுமோ?

நுண்ணோக்கியில் ஈரலை ஆராயும் மருத்துவர் கவுஸ் பாஷாவிடம் போனார்.

"பாய், திங்கக்கிழமை எலிக்கு மட்டும் எப்படிங்க கட்டியே வரல?"

"ஞாயித்துக்கிழமை செத்தது மறுநா வரைக்கும் கூண்டுலயே கெடக்குதுங்க சார். இந்தப் புழுக்கத்துல ஈரல் கூழாயிருது. கூழுல கட்டி தேட நான் என்ன மந்திரவாதியா? படிவத்துல உண்டு, இல்ல, ரெண்டே கட்டந்தான். இல்லன்னு போட்டுட்டேன்."

கூண்டுப் பணியாளர் யாவரும் ஞானராஜின் தேவாலயப் பங்கைச் சேர்ந்தவர்கள். ஞாயிறு பூசைக்காக அவர்களுக்கு விடுப்பு மன்றாடி வாங்கித் தந்தவர் அவரே. ஆண்டவருக்கென்று கேட்டுப் பெற்ற நாளில் சான்று அழுகிக் கிடந்திருக்கிறது.

ஆராய இயலாதவற்றை விலக்கி, மீண்டும் கணக்கிட்டார். தற்செயல் என்று தள்ளவொண்ணாத வேற்றுமை எழுந்து நின்றது.

மேலாளர் வெங்கடாசலம் சினந்தார். "செத்த எலியத் தூக்கி வெளிய போட்டுட்டு மருந்து மேல பழி சொல்றீங்களா?"

"பாக்காத ஈரலுக்கு நோயில்லன்னு நான் சாட்சி சொல்லமாட்டேனுங்க."

"அப்ப மறுபடியும் ரெண்டு வருசம்! ஞாயித்துக்கிழமை எந்தச் சாமி வந்து எலி பாக்கும்? லீவு வாங்கிக் குடுத்த புண்ணியவான் நீங்கதான?"

"நான் வர்றேனுங்க."

மறுசோதனை தொடங்கி ஓராண்டு கழிந்த ஒரு ஞாயிறு. ஊர்க்கோவிலில் பூசைமணி ஒலித்தது. கூண்டுகளின் நடுவே நின்று ஞானராஜ் வலக்கையால் சிலுவை வரைந்துகொண்டார். இடக்கையில் ஓர் எலி மாண்டு கிடந்தது. உடலில் இன்னும் சூடு இருந்தது. மணி ஓயுமுன் அதைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துவிட்டு, கவுஸ் பாஷாவை அழைக்க மிதிவண்டியை எடுத்தார்.